குதிரை, நீராவி, பழைய கம்ப்யூட்டர் பொட்டி: பீரை மேலே ஏத்தின கதை

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். நான் இருக்கிற அமெரிக்காவுல வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்சறது சட்டப்படி சரி. தமிழ்நாட்டுல குற்றம். அதனால இதைப் படிச்சுட்டு மொட்டை மாடியில அண்டா வெக்காதீங்க. நாம பேசப்போறது பீரைப் பத்தின்னு சொல்றதை விட பம்பைப் பத்தின்னு சொல்லலாம்.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயசு எழுபதைத் தாண்டிருச்சு. நாங்க விஸ்கான்சினுக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்துல, வாசல்ல பனி தள்ளத் தெரியாம நான் முழிச்சுட்டு நின்னப்போ ஷவலோட வந்து நின்ன மனுஷன். அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல மூணு தட்டு வெச்ச ஒரு இரும்பு ஸ்டாண்ட். ஒவ்வொரு தட்டுலயும் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். பீர் காய்ச்சறதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

போன வருஷம் அவருக்குத் தோள்பட்டையில ஆபரேஷன். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டார். ஒரு நாள் கூப்பிட்டு, "இந்த ஸ்டாண்டை எடுத்துட்டுப் போறியா? இனிமே எனக்கு எதுக்கு?"ன்னு கேட்டார். கேட்ட தொனி சாதாரணமாத்தான் இருந்துச்சு. ஆனா முகத்தைப் பார்க்க முடியலை.

இதுல என்ன பிரச்சினைன்னா, பீர் காய்ச்சறதுல பாதி வேலை தூக்கறதுதான். முளைகட்டி உலர்த்தின பார்லியை உடைச்சு, ஏறக்குறைய 67 டிகிரி சூட்டுல தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வெக்கணும். இதுதான் ஊறல் (ஆமாங்க, நம்ம ஊர் போலீஸ் அழிக்கற அதே வார்த்தைதான் :-)). பார்லியில இருக்கற நொதிகள் மாவுச்சத்தை அந்தச் சூட்டுலதான் சர்க்கரையா மாத்தும். அப்புறம் மேல இருந்து 77 டிகிரி வெந்நீரை ஊத்தி, சக்கையில ஒட்டியிருக்கற இனிப்பை அலசி எடுக்கணும். வர்ற இனிப்புத் தண்ணிக்கு வோர்ட்னு பேரு. அதை இன்னொரு பாத்திரத்துல ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்க விட்டு, ஆறவெச்சு, ஈஸ்ட் போடணும். அதாவது மூணு பாத்திரம், எல்லாத்துலயும் கை வெக்க முடியாத சூடு. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்.

20 லிட்டர் வெந்நீர்னா பாத்திரத்தோட சேர்த்து இருபத்தஞ்சு கிலோ கிட்ட வரும். அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மேல் தட்டுல வெக்கணும். ஒரு தடவை எனக்கே கை தவறி, வலது கால்ல வெந்நீர் கொட்டி ஒரு வாரம் செருப்பு போட முடியலை. அதுக்கப்புறம் நான் பேஸ்மெண்ட் பக்கம் போனாலே தங்கமணி மாடிப்படியில நின்னு காவல்.

"ஒரு சின்ன பம்ப் வெச்சா என்ன?"ன்னு அப்பதான் தேட ஆரம்பிச்சேன். தேடப் போனா அது 240 வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல போய் நின்னுச்சு.

அகப்பைக் காலம்

ஜெர்மன் மதுபானக் கலைஞர்களோட பழைய தொழில் சின்னத்தைப் பார்த்திருக்கீங்களா? மால்ட் அள்ளற மண்வெட்டியும், நீளக் கைப்பிடி வெச்ச அகப்பையும் அதுல இருக்கும். அரசர் வாளும் கேடயமும் வெச்சுக்கிட்ட மாதிரி, இவங்க அகப்பையை வெச்சுக்கிட்டாங்க. பல நூற்றாண்டுகளுக்கு கொதிக்கற வோர்ட்டை ஒரு தொட்டியில இருந்து இன்னொரு தொட்டிக்கு மொண்டு மொண்டு ஊத்தினது மனுஷக் கைதான். கூடவே கையால அடிக்கற மர பம்புகள் வந்தன.

18ஆம் நூற்றாண்டு லண்டன்ல போர்ட்டர்னு ஒரு கறுப்பு பீர் சக்கைப்போடு போட்டது. அதைக் காய்ச்சற ஆலைகள் ஊரையே அடைச்ச மாதிரி பெருத்தன. சாமுவேல் விட்பிரெட்டோட ஆலை 1750இல் சிஸ்வெல் தெருவுக்கு வந்தது. மால்ட் அரைக்கறதுக்கு அங்கே குதிரைகள் வட்டமா நடந்து ஒரு சக்கரத்தைச் சுத்திக்கிட்டிருந்தன. நம்ம ஊர் செக்கு மாடு மாதிரி.

1785இல் விட்பிரெட் அந்தக் குதிரைகளுக்குப் பதிலா போல்டன்-வாட் கம்பெனியோட நீராவி எந்திரத்தை வெச்சார். ஆமா, பள்ளிக்கூடத்துல படிச்ச அதே ஜேம்ஸ் வாட். அந்த ஒரே எந்திரம் செஞ்ச வேலைகளைப் பாருங்க: மால்ட்டை நசுக்கியது, நசுக்கின மால்ட்டை ஆர்க்கிமிடீஸ் திருகு வழியா மேலே ஏத்தியது, மூட்டைகளைத் தூக்கியது, தொட்டியைக் கலக்கியது, மூணு பிஸ்டன் பம்பால பீரைத் தள்ளியது, கிணத்துத் தண்ணியைக் கூரை மேல இருந்த தொட்டிக்கு ஏத்தியது. இவ்வளவுக்கும் அதோட சக்தி ஏறக்குறைய 35 குதிரைத்திறன்.

விட்பிரெட்காரர் முழுசா நம்பிடலை. எதுக்கும் இருக்கட்டும்னு பழைய குதிரைச் சக்கரத்தையும் சில வருஷம் வெச்சிருந்தார். இன்வெர்ட்டர் வாங்கின பிறகும் அலமாரியில மெழுகுவர்த்தி வெச்சுக்கறோம் இல்லையா, அது மாதிரி. 1787இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ராணியோட வந்து ஆலையைச் சுத்திப் பார்த்தார்னா, அது எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு பார்த்துக்கோங்க.

குதிரைத்திறன்ங்கற அளவையே வாட் இந்த மாதிரி வாடிக்கையாளர்களுக்காகத்தான் பயன்படுத்தினார். "இந்த எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?"னுதானே முதலாளி கேட்பார்? 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்துல ஒரு அடி தூக்கினா அது ஒரு குதிரைத்திறன்னு கணக்கு வெச்சார். இன்னிக்குக் கணக்குல 746 வாட். அந்த வாட்டும் அவர் பேர்தான்! இந்த அளவோட இலக்கணத்துலயே "தூக்கறது" இருக்குங்கறதை நான் காலேஜ்ல படிச்சப்போ கவனிக்கவே இல்லை.

அந்த எந்திரம் 102 வருஷம் ஓடி 1887இல் ஓய்வு பெற்றது. காயலான் கடைக்குப் போக வேண்டியது. அப்போ லண்டன்ல இருந்த சிட்னிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் லிவர்சிட்ஜ் அதைத் தங்க ஊர் அருங்காட்சியகத்துக்குக் கேட்டு வாங்கினார். இன்னிக்கும் அது சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தோட சொத்து.

ஒரு தடவை ஏத்து, அப்புறம் விட்டுடு

விட்பிரெட் கூரை மேல தண்ணித் தொட்டி இருந்துச்சுன்னு சொன்னேனே, அதுல ஒரு பெரிய யோசனை ஒளிஞ்சிருக்கு. எல்லாத்தையும் ஒரே தடவை உச்சிக்கு ஏத்திட்டா, மிச்ச வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கும். 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கோபுர ஆலைகள் இப்படித்தான் கட்டினாங்க. உச்சியில தண்ணியும் மால்ட்டும், அதுக்குக் கீழ் மாடியில ஊறல், அதுக்கும் கீழே கொதிகலம், அடித்தளத்துல பீப்பாய். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஹூக் நார்ட்டன்ல 1899-1900 வாக்குல கட்டின அந்த மாதிரி கோபுர ஆலையும், அதுக்குள்ள அந்தக் காலத்து நீராவி எந்திரமும் இன்னும் இருக்கு.

பீர் கடைக்கு வந்த பிறகும் தூக்கற தொல்லை விடலை. பீப்பாய் கீழே நிலவறையில, குடிக்கறவர் மேலே. நடுவுல ஜாடியோட படி ஏறி இறங்கற எடுபிடிப் பையன். ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை வாங்கின பீர் எஞ்சின் அந்த நடையைக் குறைச்சது. கவுண்டர்ல நிக்கற கைப்பிடியை இழுத்தா கீழே இருந்து பீர் மேலே வரும். இங்கிலாந்து பப்கள்ல இப்பவும் அந்தக் கைப்பிடியைப் பார்க்கலாம். பிராமா யாருன்னு மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ஞாபகம் வரும். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு 1795இல் காப்புரிமை வாங்கின அதே ஆள்.

இது வரைக்கும் வந்ததெல்லாம் முதலாளிகளோட கதை. வீட்டுல காய்ச்சினவங்க அகப்பையிலயேதான் இருந்தாங்க.

1978: கையெழுத்து ஒண்ணு

அமெரிக்காவுல 1920இல் மதுவிலக்கு வந்து 1933இல் போச்சு. போனப்புறம் வீட்டுல ஒயின் செய்ய வழி விட்டாங்க, பீருக்கு விடலை. சட்டப்படி குற்றமா இருக்கற ஒரு வேலைக்கு யார் நல்ல சாமான் செஞ்சு விப்பாங்க? பேஸ்மெண்ட்ல பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் குழாயுமா ரகசியமா ஓடிச்சு.

அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்னிக்கு ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் வீட்டு பீருக்கு மத்திய அரசின் வரி கிடையாது. பெரியவர் ஒருத்தர் இருக்கற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 200 காலன். மாநிலங்கள் தனித்தனியா ஒத்துக்கணும். கடைசியா அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் ஒத்துக்கிட்டன. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த முதல் வருஷத்துலயே ஆரம்பிச்ச கோஷ்டி.

சட்டம் வந்துருச்சு. சாமான் வரலை. இருந்த எந்திரமெல்லாம் ஆயிரக்கணக்கான லிட்டருக்கு. 1976இல் கலிஃபோர்னியாவில் நியூ ஆல்பியன்னு குட்டி ஆலை தொடங்கின ஜாக் மெக்காலிஃபும், 1980இல் சியரா நெவாடாவை ஆரம்பிச்ச கென் கிராஸ்மனும் பால் பண்ணைப் பழைய பாத்திரங்களையும் காயலான் கடைச் சாமானையும் வெட்டி ஒட்டித்தான் ஆலை கட்டினாங்க. வீட்டுக்காரங்க பழைய பீர் பீப்பாயோட தலையை வெட்டிப் பாத்திரமாக்கி, மூணு தட்டு ஸ்டாண்ட் அடிச்சாங்க. பெரியவர் பேஸ்மெண்ட்ல இருக்கறது அதுதான். ஹூக் நார்ட்டன் கோபுரத்தோட பேரப்பிள்ளை! ஒரு வித்தியாசம். அங்கே உச்சிக்கு ஏத்தறது நீராவி எந்திரம். இங்கே தோள்பட்டை.

காந்தம் வந்துச்சு

அப்புறம்தான் காந்த பம்ப். சாதாரண பம்புல மோட்டார் தண்டு ஓட்டை வழியா உள்ளே போய் விசிறியைச் சுத்தும். அந்த ஓட்டையை அடைக்கற சீல் தேயும், ஒழுகும். காந்த பம்புல ஓட்டையே கிடையாது. வெளியே மோட்டார்ல ஒரு காந்தம், உள்ளே விசிறியில ஒரு காந்தம், நடுவுல பிளாஸ்டிக் சுவர். வெளிக்காந்தம் சுத்தினா உள்காந்தம் கூடவே சுத்தும். சீல் இல்லை, ஒழுகல் இல்லை, எண்ணெய் பீர்ல கலக்கற பயம் இல்லை. வெளியேறும் வால்வை மூடிட்டாலும் குழாய் வெடிக்காது, விசிறி உள்ளேயே சும்மா சுத்திக்கிட்டிருக்கும்.

ரசாயன ஆலைகளுக்காக வந்த இந்தச் சரக்கை வீட்டு பீர்க்காரங்க புடிச்சுக்கிட்டாங்க. மார்ச் கம்பெனியோட 809 மாடல் பல வருஷமா இவங்களோட செல்லப்பிள்ளை. 1/25 குதிரைத்திறன். விட்பிரெட் எந்திரத்தோட 35ஐ ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. 1980களின் கடைசியில் ராட்னி மாரிஸ் ரிம்ஸ்ங்கற முறையை எழுதினார். ஊறல்ல இருந்து வோர்ட்டை பம்பால எடுத்து, மின் ஹீட்டர் வழியா சுத்தி விட்டு, திரும்ப ஊறல்லயே ஊத்தறது. சூடு ஒரே அளவுல நிக்கும். தூக்கறதுக்கு வந்த பம்ப் இப்போ சூட்டையும் பிடிச்சு வெச்சுக்கிட்டது.

நல்ல பம்ப்தான். ஆனா 150 டாலருக்கு மேல. வீட்டுக் கரண்ட்ல நேரா ஓடும். ஈரத் தரை, வெந்நீர், 120 வோல்ட். தங்கமணி பார்த்த பார்வையிலேயே அது கேன்சல்.

ஒரு வாட்!

அப்பதான் உக்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 20 லிட்டரை ஒண்ணரை மீட்டர் உயரத்துக்கு ஏத்தணும். 20 x 9.8 x 1.5 = 294 ஜூல். அஞ்சு நிமிஷத்துல ஏறினா போதும்னா, 300 வினாடி. வகுத்தா ஏறக்குறைய ஒரு வாட்.

ஒரே ஒரு வாட்டுங்க! நைட் லேம்ப் எரியற கரண்ட். குழாய் உராய்வு, மோட்டார் நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு வெச்சாலும் 10 வாட். ஒரு மனுஷன் தோளை உடைச்சுக்கிட்ட வேலைக்குத் தேவை அவ்வளவுதான். அவன் அதைப் பத்து வினாடியில, சூடா, கையில பிடிச்சுக்கிட்டுச் செய்ய வேண்டியிருக்குங்கறதுதான் ஆபத்து. மெதுவாச் செய்ய ஒரு ஆள் கிடைச்சாப் போதும்.

அந்த ஆள் 12 வோல்ட் குட்டி பம்ப். உள்ளங்கையில அடங்கும். பிரஷ் கிடையாது. கம்பிச் சுருளோட காந்தப்புலமே உள்ளே இருக்கற விசிறியைச் சுத்தும். இருபத்தஞ்சு டாலருக்குள்ள கிடைச்சுது. லேபிள்ல 12 வோல்ட், 1.2 ஆம்பியர். அதாவது 14 வாட் சொச்சம். விட்பிரெட் எந்திரத்துல 1800ல ஒரு பங்கு.

வாங்கறவங்க பார்க்க வேண்டியது:

1. கொதிநீரைத் தாங்குமான்னு கேளுங்க. மீன் தொட்டி பம்ப் வேண்டவே வேண்டாம். உணவுக்கு ஏத்த பிளாஸ்டிக்கான்னும் பாருங்க.

2. "3 மீட்டர் உயரம், நிமிஷத்துக்கு 8 லிட்டர்"னு போட்டிருந்தா ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. 3 மீட்டர்ல ஒரு சொட்டும் வராது, 8 லிட்டர் வரணும்னா உயரமே இருக்கக் கூடாது. நிஜம் நடுவுல இருக்கு.

3. அடாப்டர்ல வோல்ட் சரியாப் பொருந்தணும். ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்லை, பம்ப் தனக்கு வேணுங்கறதைத்தான் எடுக்கும். குறையக் கூடாது.

இந்த மூணாவதை எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லித்தான் ஆகணும். பொட்டி தட்டற ஆள்ங்கற திமிர்ல, வீட்டுல கிடந்த பழைய லேப்டாப் அடாப்டரைச் சொருகினேன். அது 19 வோல்ட். பம்ப் ஆஹான்னு ஓடிச்சு. ரெண்டாவது நிமிஷம் புகை. அவ்வ்வ்வ்...

ரெண்டாவது பம்புக்குப் பழைய டெஸ்க்டாப்போட பவர் சப்ளை. பச்சை வயரைக் கறுப்போட இணைச்சா அது உயிர் பெறும். மஞ்சள்ல 12 வோல்ட். (பொட்டியை மட்டும் திறக்காதீங்க, உள்ளே கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் அடிக்கும்.) 5 வோல்ட் பக்கம் கொஞ்சம் சுமை இல்லைன்னா சில பழைய பொட்டிகள் 12ஐ ஒழுங்காத் தராது. என்னோடதும் அப்படித்தான் முரண்டு பிடிச்சது. கடைசியில 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு வாங்கி, சுவர்ல உயரமா மாட்டி, ஈரத்துல கரண்ட் கசிஞ்சா தானே கட் ஆகற ஜி.எஃப்.சி.ஐ. பிளக்குல சொருகினேன். கீழே ஈரத்துக்கு வர்றது 12 வோல்ட் வயர் மட்டும்தான். தங்கமணி கிளியரன்ஸ் கிடைச்சுது.

காத்து எடுக்கறது

பெரியவர் பேஸ்மெண்ட்ல முதல் ஓட்டம். ஸ்டாண்டோட மேல் ரெண்டு தட்டையும் கழட்டிட்டு மூணு பாத்திரத்தையும் தரை மட்டத்துல வரிசையா அடுப்பு மேல வெச்சாச்சு. பாத்திரங்களுக்கும் கீழே பம்ப். ஸ்விட்ச் போட்டேன். "ங்ங்ங்"னு சத்தம், தண்ணி வரலை. பெரியவர் ஒண்ணும் பேசலை. ஸ்டூல்ல உக்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்பதான் கொசுவத்தி சுத்துச்சு. எங்க தாத்தா தோட்டத்துல மோட்டார் போடறதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணியை பம்புல ஊத்தி, பொங்கி வர்ற வரைக்கும் காத்து எடுப்பார். இந்த ரக பம்புக்குக் காத்தை இழுக்கத் தெரியாது. தண்ணியைத் தள்ளத்தான் தெரியும். குழாயை அவுத்து, பம்ப் நிரம்பற வரைக்கும் பாத்திரத்துத் தண்ணியை இறங்க விட்டு, மறுபடி மாட்டினேன். வேகத்தைக் குறைக்கணும்னா வெளியே போற பக்கம்தான் வால்வு. உள்ளே வர்ற பக்கம் அடைச்சா கொதிநீர் பம்புக்குள்ளயே ஆவியாகி மறுபடி முரண்டு.

இந்தத் தடவை குழாய் ஒரு துள்ளு துள்ளி, ஊறல் மேல வெந்நீர் மெல்லிசா விழுந்துச்சு.

பெரியவர் எழுந்து வந்தார். நல்ல கையால வால்வைக் கொஞ்சம் மூடினார், கொஞ்சம் திறந்தார். மூடினார், திறந்தார். ஒரு குழந்தை லைட் ஸ்விட்சை வெச்சு விளையாடற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் என்னைப் பார்த்து, "ஸ்டாண்டைத் தர்றேன்னு சொன்னேனே, அதை மறந்துடு"ன்னார்.

மால்ட் மூட்டையை நான் தூக்கிக் கொடுத்துடறேன், அது சூடு இல்லை. மிச்சமெல்லாம் அவரே. மாசம் ஒரு தடவை காய்ச்சறார். முடிஞ்சதும் பம்பை நாலு திருகு கழட்டி அலசி வெக்கறதும் அவர்தான். இனிப்பு தங்கினா அடுத்த தடவை புளிச்சுரும்னு என்னை நம்ப மாட்டேங்கறார் :-)

விட்பிரெட் 1785இல் குதிரைக்குப் பதிலா எந்திரம் வெச்சது லாபத்துக்கு. அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு ஒரு முதலாளியால மட்டும் வாங்க முடிஞ்ச ஒரு விஷயம், தோள்பட்டை போன ஒரு பெரியவருக்கு இருபத்தஞ்சு டாலர்ல வர்றதுக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. அதை நினைச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு.

எங்க ஊர்ல "காத்து எடுக்கறது"ம்பாங்க. உங்க ஊர்ல மோட்டாருக்குத் தண்ணி ஊத்தறதுக்கு என்ன சொல்வீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.